மூன்றாவது சிமிட்டல்

பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருவருக்குச் சோறு பரிமாறுவது இருக்கிறதே, அது நெஞ்சை அடைக்கிற வேலை. போன மழைக்காலம் முழுக்க நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். பெட்டி, கடல் தாண்டிப் பெர்த் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு. சோறு, என் கணவருக்கு. அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார், கை கழுவுவார், வாசல் கதவை ஒட்டிப் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் தலைக்கு மேலே சுவரில் வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி. எதிரே தெரு விளக்கு. "ம்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வந்து மாதக் கணக்காகியிருந்தது.

மகள் போனில் விடாமல் நச்சரித்தாள்.

"அம்மா, நான் சொல்றத கேளுங்கம்மா. அப்பா பேசவும் மாட்டேங்கிறாரு, பிளேன் ஏறவும் மாட்டேங்கிறாரு. அவருக்கு சிரம்பான்ல நல்ல முதியோர் ஹோம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். நீங்க ஏன் அங்க செவுத்தோட பேசிக்கிட்டு கெடக்கணும்? வந்துடுங்க லா."

அவள் சொன்னதில் தப்பில்லை. சுவராவது எதிரொலிக்கும். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டில் நான் இருப்பது இந்த மனிதருக்கு வேண்டியிருக்கிறதா, இல்லையா? இரு என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டியைப் பிரித்துவிடுவேன். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம் என்பீர்கள். எனக்கும் ரோஷம் உண்டு.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறைக்க ஒன்றுமில்லை, வாயில் வராது, அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்னதில்லை. கிளினிக்கில் பெயர் கேட்டால் அவருடைய ஐசி அடையாள அட்டையை நீட்டிவிடுவேன். ஒரு காலத்தில் நான் சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. லோரிகளில் அந்தப் பெயர் இருந்தது. மின்கம்பங்களில் இருந்தது. லுக்குட் பக்கம் கடலோரத்தில் நின்ற மின்சார நிலையத்தின் நெற்றியில், ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் வாசிக்கிற மாதிரி இருந்தது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் டியூப் லைட்டுக்கு டியூப் லைட் "உபயம்" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி அந்தப் பெயரையும் எழுதியிருந்ததில், பாதி வெளிச்சம் எழுத்துக்குள்ளேயே நின்றுவிடும். அம்மன் அரையிருட்டில் நின்றாள். இதை நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

இவர் மின்சாரத்துக்கு வந்தது இஞ்சின் வீட்டு வழியாக. பகாவ் ஊருக்கு உள்ளே தள்ளி, ரப்பர் பால்மரக் காட்டுக்கு நடுவில் எங்கள் தோட்டம். அப்போது அரசாங்கக் கரண்ட் எங்களுக்கு வந்திருக்கவில்லை. ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு டீசல் இஞ்சின் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அதை முடுக்குவார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் வீட்டுக்கு ஒரு பல்பு எரியும். ஒன்பது மணிக்கு இஞ்சினை நிறுத்திவிடுவார்கள். அதை முடுக்கி, காவல் இருந்து, நிறுத்துகிற வேலை இவருக்கு. முன்பு பார்த்தவர் ஓய்வு பெற்றதும் இவர் கேட்டு வாங்கிக்கொண்டது. ஆள் ஒல்லி. டீசல் வாசம் இல்லாமல் இவரை நான் அந்தக் காலத்தில் பார்த்ததே இல்லை.

நிறுத்துவதற்கு ஒரு முறை இருந்தது. திடீரென்று அணைத்துவிடக் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சுவிட்சை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, எல்லா விளக்கையும் இரண்டு தடவை சிமிட்ட வேண்டும். அந்தச் சிமிட்டலைப் பார்த்ததும் லயம் முழுக்கப் பரபரப்பாகும். சட்டி பானையை மூடுவார்கள். பாயை விரிப்பார்கள். பிள்ளைகளைக் கக்கூசுக்கு அழைத்துக்கொண்டு ஓடுவார்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி வைப்பார்கள். "சிமிட்டியாச்சு, சிமிட்டியாச்சு" என்று வீட்டுக்கு வீடு குரல் போகும். அதற்கப்புறம் வருகிற இருட்டு யாரையும் பயமுறுத்தாது. சொல்லிவிட்டு வந்த இருட்டு அது.

இவர் வேலைக்கு வந்த சில நாட்களில் மூன்றாவதாக ஒரு சிமிட்டல் வர ஆரம்பித்தது.

முதல் இரண்டும் அடுத்தடுத்து வரும். அப்புறம் ஒரு மூச்சு விடுகிற இடைவெளி. அதன் பிறகு மெதுவாக ஒன்று. எனக்குத் தெரியும் அது யாருக்கு என்று. பகலில் புகைக்கூடத்து வாசலில் ரப்பர் பாலைக் கொண்டு போய் நிறுக்கிற இடத்தில் இவர் என்னைப் பார்ப்பார், நான் வாளியைப் பார்ப்பேன். ஒரு நாள் வாளியைப் பார்த்தபடியே, "ரெண்டு தோட்டத்துக்கு, மூணாவது ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா, கண் கெட்டுப் போகும் என்று திட்டினாள்.

மற்றவர்களுக்குக் காதல் கடிதம் மடிப்புக்குள் வரும். எனக்கு வந்த கடிதத்தைத் தோட்டமே படித்தது. முதலில் ஆத்திரப்பட்டவர் கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை எல்லாம் அவர் பொறுப்பு. தோட்டத்தில் நல்ல ரேடியோப் பெட்டி அவரிடம்தான் இருந்தது. விளக்கு சிமிட்டும்போதெல்லாம் அது கரகரவென்று இழுக்கும். இவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ரெண்டுதரம் அணைச்சுப் போடுறதுதானே முறை? மூண்டாந்தரம் ஆருக்கு?"

"இஞ்சின் விக்குதுங்க ஐயா" என்றாராம் இவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அவ்வளவுதான், அது லயத்துக்குப் பரவிவிட்டது. காலையில் குழாயடியில் குடத்தை வைத்தால் போதும், பெண்கள் ஆரம்பித்துவிடுவார்கள். "என்னடி, நேத்தும் இஞ்சினுக்கு விக்கலாமே! பாவம், யாரு நெனைக்கிறாங்களோ! போய் ஒரு சொம்புத் தண்ணி கொடுத்துட்டு வாயேன்." எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். கல்யாணத்தன்று, எங்களை வேலை வாங்கும் மண்டோர்கூடத் தாலி கட்டி முடிந்ததும், "இனிமே இஞ்சினு ஒழுங்கா ஓடும்லா" என்றார்.

என் வாழ்க்கையில் நான் தனியாக இல்லாமல் இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பிறகு அரசாங்கக் கரண்ட் வந்தது. இஞ்சின் நின்றது. மற்றவர்கள் இஞ்சின்காரனுக்கு வேலை போய்விட்டதே என்று வருத்தப்பட்டபோது, இவர் வயர்மேன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பகாவில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்துத் தோட்டங்களின் லயங்களுக்கெல்லாம் வயர் இழுத்தார். நிலக் குடியேற்றத் திட்டங்களில் புதுப்புது வீடுகள் வந்தபோது அங்கேயும் இவர்தான். மோட்டார் சைக்கிளில் போனவர் வேனில் போனார், வேனில் போனவர் லோரிகளை அனுப்பிவிட்டுக் காரில் பின்னால் போனார். கம்பம் நட்டார், துணை மின்நிலையம் கட்டினார். பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டி வீடு நட்டார்கள். லுக்குட் பக்கம் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றிக் குடியிருப்புகளும் எழும்பியபோது, அவற்றுக்கெல்லாம் தானே கரண்ட் தயாரித்துத் தானே கொடுக்க லைசென்ஸ் வாங்கினார். கடலோரத்தில் அந்த மின்சார நிலையம் எழுந்தது. தகரக் கொட்டகையில் இருந்தவர் பட்டம் வாங்கி டத்தோ ஆனார். அவர் மனைவி என்பதால் நான் டத்தின் ஆனேன். டத்தின் என்பது வேலையில்லாத உத்தியோகம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, யாரோ நீட்டுகிற கத்தரிக்கோலால் யாரோ கட்டிய ரிப்பனை வெட்ட வேண்டும்.

பகாவ் பலகை வீட்டில் இருந்தபோது, படுக்கப் போகும் முன் அறை விளக்கை இரண்டு தடவை போட்டு அணைத்து, ஒரு மூச்சு விட்டு, மூன்றாவது தடவை சிமிட்டிவிட்டுத்தான் அணைப்பார். மகள் பிறந்த பிறகும் அது நடந்தது. சிரம்பானில் மேட்டில் கட்டிய பெரிய வீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. கடைசியாக எப்போது சிமிட்டினார் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன், நினைவு வரவில்லை. கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்திருப்பேன்.

அந்தப் பெரிய வீட்டில் இருட்டே வராது. தெருவில் கரண்ட் போனாலும், கண்ணை மூடித் திறப்பதற்குள் பின்கட்டில் ஒரு இஞ்சின் தானாக எழுந்து உறுமும். பெரிய சாப்பாட்டு மேசை. ஒரு முனையில் நான். "ராத்திரிக்கு வந்திடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார், வரமாட்டார். அடுத்த நாள் ஆபீசிலிருந்து டிரைவர் வந்து மாற்றுச் சட்டை வாங்கிப் போவார். அப்புறம் சட்டைகள் எல்லாமே ஆபீசுக்குப் போய்விட்டன. மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனாள், அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டாள். வேலைக்காரப் பெண் இந்தோனேசியா. அவளுக்கும் எனக்கும் பேச இருந்த மலாய் வார்த்தைகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. அந்த வீட்டில் அத்தனை விளக்கும் எரியும், நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன்.

இதில் எனக்கு எரிச்சலூட்டிய விஷயம் ஒன்று உண்டு. இவர் கம்பெனியில் ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். பழுது பார்க்க, சுத்தம் செய்ய, எதற்காக இருந்தாலும் சரி, சொல்லாமல் ஒரு வீட்டிலும் கரண்டை நிறுத்தக் கூடாது. நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போட வேண்டும். மலாயில், சீனத்தில், தமிழில். அந்தத் தமிழை இவரே உட்கார்ந்து திருத்துவார். "சிமிட்டாம அணைக்கிறவன் திருடன்" என்று ஆட்களைத் திட்டுவாராம். படித்து வந்த இஞ்சினியர்களுக்கு அந்த வார்த்தை புரியாது, தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஊருக்கெல்லாம் நோட்டீஸ் போட்ட இந்த மனிதர், என்னை மட்டும் சிமிட்டாமல் அணைத்துவிட்டார். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் வாய் வரை வந்திருக்கிறது. சொல்ல ஆள் வீட்டில் இருந்தால்தானே?

இவர் கட்டியதெல்லாம் விழுந்தது ஒரு தீபாவளிக்கு முதல் நாள் மாலையில்.

அன்றைக்கு என்ன தோன்றியதோ, வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். சமையலறைக்கே வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். வேலைக்காரப் பெண் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். உடைந்த முறுக்கை எடுத்துக் கடித்துவிட்டு, "உப்பு கம்மி" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உப்பு கம்மி என்று சொல்லவாவது ஆள் இருந்தாரே.

அப்போது போன் வந்தது. கையெல்லாம் எண்ணெய் என்பதால் மேசையில் வைத்தே ஸ்பீக்கரில் போட்டார். மின்சார நிலையத்திலிருந்து இஞ்சினியர் பேசினார். சின்ன வயதுக்காரர்.

"டத்தோ, டர்பைன் நிறுத்தியே ஆகணும். ஷாஃப்ட் ஆடுது. இப்பவே."

"இப்பவேன்னா? நாளைக்கு தீபாவளி. வீட்டுக்கு வீடு அடுப்புல எண்ணெ காயுது. சின்னப் பிள்ளைங்க ஓடுறதும் ஆடுறதுமா இருக்கும். சொல்லாம கொள்ளாம இருட்டாக்கச் சொல்றியா?"

"டத்தோ, மெஷின் தாங்காது டத்தோ."

"தாங்கும். லவுட் ஸ்பீக்கர் கட்டி வேன அனுப்பு. வீடு வீடா சொல்லச் சொல்லு. எல்லாருக்கும் சொல்லி முடிச்சப்புறம் நிறுத்து. அதுக்கு முன்னாடி கைய வெக்காத."

போனை வைத்தார். என்னைப் பார்த்தார். நான் கரண்டியை எண்ணெயில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் சட்டியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் விளக்கு போனால் எப்படி இருக்கும் என்று நானும்தான் நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது.

அடுத்த ஈடு முறுக்கு வேகவில்லை, மறுபடி போன். வேன்கள் கிளம்பிச் சில தெருக்கள்கூடத் தாண்டியிருக்கவில்லை. அந்த மெஷின் தன்னைத் தானே கிழித்துக்கொண்டு தீப்பிடித்திருந்தது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அம்மன் புண்ணியம். ஆனால் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றியிருந்த அத்தனை வீடும் ஒரே அடியில் இருண்டுபோயின. சிமிட்டல் இல்லாமல். எங்கள் மேட்டு வீட்டுக்கு அரசாங்கக் கரண்ட். எங்களுக்கு எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. இவர் எழுந்து சமையலறை விளக்கை அணைத்தார், பிறகு கூடத்து விளக்கை, பிறகு மாடி விளக்கை. ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு லுக்குட்டுக்குப் போனார்.

அதன் பிறகு நடந்ததை ஊரே அறியும். தொழிற்சாலைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கடன் கொடுத்தவர்கள் கழுத்தைப் பிடித்தார்கள். லைசென்ஸ் போனது, நிலையம் வேறு கைக்குப் போனது, நெற்றியில் இருந்த பெயரைக் கிரேன் வைத்து இறக்கினார்கள். அதையெல்லாம் நான் பேப்பரில்தான் பார்த்தேன். நேரில் பார்த்தது ஒன்றே ஒன்று. லைசென்ஸ் கொடுத்தவர்கள் ஒரு விசாரணை வைத்தார்கள். குளிர் அறை. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தச் சொல்லி உங்கள் இஞ்சினியர் எச்சரித்தும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்த ஆங்கிலப் பதில் இவர் கையில் இருந்தது. அதைப் பார்க்காமல், நிமிர்ந்து, தமிழில் சொன்னார்.

"சிமிட்டாம எப்படிங்க அணைக்கிறது?"

வக்கீல் இவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவர் திருதிருவென்று விழித்தார். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அறையில் அந்த வார்த்தை புரிந்த ஒரே ஆள் நான். எழுந்து சொல்லிவிடலாமா என்று இருந்தது. தோட்டத்தையும், தகரக் கொட்டகையையும், பாய் விரிக்க ஓடுகிற பெண்களையும் அந்தக் குளிர் அறையில் எந்த மொழியில் சொல்வது? உட்கார்ந்தே இருந்தேன். இவர் திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை.

அடுத்த தீபாவளிக்கு மேட்டு வீடு இன்னும் எங்களிடம் இருந்தது. வழக்கம்போல, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடுகிற திறந்த இல்ல விருந்து வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். முற்றத்தில் கூடாரம் போட்டு, மேசைக்கெல்லாம் துணி விரித்து, பிரியாணிக்குச் சொல்லியாயிற்று. முந்தைய வருஷங்களில் கார் நிறுத்த இடமில்லாமல் மேட்டு அடிவாரம் வரை வரிசை நிற்கும். அன்றைக்கு இவர் பூ அச்சடித்த பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். காலையில் நின்றார், மத்தியானமும் நின்றார். ஒரு கார்கூட மேட்டில் ஏறவில்லை. சாயங்காலம் கூடாரக்காரர் பிரிக்க வந்தார். அவரையும் அவருடைய ஆட்களையும் உட்கார வைத்துப் பரிமாறினேன். அவர்கள்தான் அந்த விருந்தின் விருந்தாளிகள். நல்லா இருக்குங்கம்மா என்று வயிறாரச் சாப்பிட்டார்கள். இவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குக் குறையத் தொடங்கிய பேச்சு, பிறகு "ம்" மட்டும் மிச்சம் என்று ஆனது.

மேட்டு வீடு போனதும் இங்கே வந்தோம். தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த தாமான் குடியிருப்பு இது. என் அண்ணன் பங்குக்கு வந்த வீடு, அவர் பிள்ளைகள் யாரும் இங்கே இல்லை என்பதால் எங்களுக்கு விட்டார்கள். கொல்லையைத் தாண்டினால் செம்பனை. லயங்களில் இப்போது பங்களாதேஷிகள். குழாயடியும் இல்லை, கிண்டல் செய்த பெண்களும் இல்லை. சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மற்றவர்கள் பிள்ளைகளோடு சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். கோயிலில் எல்.இ.டி. பல்பு போட்டுவிட்டார்கள். அம்மன் முகம் பளிச்சென்று தெரிகிறது. பெயர் எழுதிய பழைய டியூப்களைக் கோயிலுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் பார்த்தேன், இவரிடம் சொல்லவில்லை. மளிகைக் கடைப் பெண் இவரை "அங்கிள்" என்கிறாள். டத்தோவைவிட அது எவ்வளவோ மேல்.

பகாவ் பசாருக்குப் பஸ் ஏறிப் போவேன், மீன் வாங்கி வருவேன், குழம்பு வைப்பேன். "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பேன். "ம்." மழை வரும்போல இருக்கு என்பேன். "ம்." பெரிய வீட்டில் ஆள் இல்லாத தனிமை. இங்கே ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிற தனிமை. இரண்டாவதுதான் பொல்லாதது. முதலாவதில் எதிர்பார்ப்பாவது இருந்தது.

மகள் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். ஹோமிலும் பேசி முடித்தாயிற்று, நான் போனதும் வந்து இவரை அழைத்துப் போவார்கள். டாக்சிக்கும் சொல்லியாயிற்று, மறுநாள் காலை வரும். வாசலில் டாக்சி வந்து நிற்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், சொல்லாமலே படியிறங்கிவிடலாம் என்றும் நினைத்திருந்தேன். பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டுமே.

கிளம்புவதற்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரம். மழை விட்டிருந்தது. சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினால், இவர் அதே நாற்காலியில், அதே சுவிட்ச் பெட்டிக்குக் கீழே. எதிரே தெரு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. நாளைக்குச் சாயங்காலம் இந்த விளக்கைப் போட இவர் எழுந்து வருவாரா, இல்லை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாரா என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நினைப்பு சுருக்கென்று வந்தது. நான் செய்யப் போவது என்ன? அதே வேலைதானே? சிமிட்டாமல் அணைப்பது. இத்தனை வருஷமாக எதைச் சொல்லி இவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனோ, அதையே பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நேரே போய், இவர் தலைக்கு மேலே கையை நீட்டி, சுவிட்ச் பெட்டியைத் திறந்து, மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினேன். வயர்மேன் பெண்டாட்டியாக இருந்தும், டத்தின் ஆக இருந்தும், என் வாழ்நாளில் அதை நான் தொட்டதே இல்லை. வீடு இருண்டது. சாமி விளக்கு மட்டும் உள்ளே எரிந்தது. மேலே ஏற்றினேன். வெளிச்சம் வந்தது, காற்றாடி முனகியது. மறுபடி இறக்கினேன். மறுபடி ஏற்றினேன்.

"அப்படிப் போட்டு அணைக்காத" என்றது ஒரு குரல். துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி இருந்தது. "பிரிட்ஜு போயிடும்."

"பிரிட்ஜுக்குப் பேச வாய் வருதா? எனக்குத்தான் வரலயா?" என்றேன். "நாளைக்கு காலைல நான் பிள்ளைகிட்ட போறேன். டாக்சி வருது. சொல்லாம அணைக்கிறவன் திருடன்னு சொல்வீங்களே, அதான் சொல்லிட்டேன். ரெண்டு தடவ சிமிட்டியாச்சு."

இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எத்தனை காலம் கழித்து அந்தப் பார்வை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். பெட்டியை மூடப் போகிறார் என்று நினைத்து நகர்ந்தேன். மூடவில்லை. விரலைச் சுவிட்சின் மேல் வைத்தார். ஒரு மூச்சு விட்டார்.

வீடு இருண்டது. முதல் இரண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாக அந்த இருட்டு நின்றது. பக்கத்தில் இவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. பிறகு மெதுவாக ஏற்றினார்.

"இஞ்சின் விக்குது" என்றார், சுவரைப் பார்த்தபடி.

எதிர் வரிசையில் எல்லா வீட்டிலும் விளக்குகள் எரிந்தபடியே இருந்தன. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, யாரும் குரல் கொடுக்கவில்லை. அணைந்து எரிந்தது எங்கள் வீடு மட்டும். நான் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து இவரிடம் கொடுத்தேன்.